அடுப்புக்கும் கானுக்கும் நடுவே

பிணம் கிடந்த வீட்டில் அடுப்பெரித்த மனுஷன் என்று சோலைமலைக்கு அக்கரப்பத்தனை டவுன் வரைக்கும் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு அந்த லயத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள். அங்கே இருந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பாதி தெரிந்துகொண்டு முழுசாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சலாக வருகிறது. அதனால் இருந்தது இருந்தபடி சொல்லிவிடுகிறேன்.

சோலைமலை டயகமவுக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தார். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து ஜனங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். நாற்பத்தெட்டாம் வருஷம், நம்மவர்களுக்கு இந்த இலங்கை நாட்டில் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்த அதே வருஷம், இருபத்திரண்டு வயதில் ஸ்டோருக்குள் கால் வைத்தார். முதல் ஏழு வருஷம் மேல்மாடியில் வேலை. பறித்து வந்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட விடுகிற இடம் அது. அங்கே சுவரில் இரண்டு வெப்பமானி தொங்கும். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது வெறுமனே இருக்கும். இரண்டும் காட்டுகிற எண்ணைத் தனித்தனியே பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துத்தான் காற்றாடியை ஓட விடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள். ஏழு வருஷம் நாளைக்குப் பத்துத் தடவை இந்தக் கழித்தலைப் போட்ட மனுஷனுக்கு, எதைப் பார்த்தாலும் வித்தியாசம் எவ்வளவு என்றுதான் கேட்கத் தோன்றும்.

அப்புறம் அவரைக் கீழே டிரையருக்கு மாற்றினார்கள். தேயிலையைச் சூட்டில் காய வைக்கிற பெரிய இயந்திரம் அது. அதன் உலையில் சூடு காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டு. மீட்டரிலிருந்து இரண்டு தினுசுக் கம்பி கிளம்பி, உலைக்குள் போய் ஒன்றோடு ஒன்று முறுக்கி நிற்கும். அவ்வளவுதான் சாமான். பேட்டரி கிடையாது, டைனமோவிலிருந்து கரண்டும் கிடையாது. ஆனாலும் உலை சூடேறினால் முள் நகரும். முள்ளைத் தள்ளுவது யார் என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டார். "வேலையப் பாரு சோலமல" என்றார் டீமேக்கர். சோலைமலை வேலையையும் பார்த்தார், கேள்வியையும் விடவில்லை.

பதில் அறுபத்தொன்றில் வந்தது. அக்கரப்பத்தனையில் ரேடியோவும் பேட்டரியும் விற்கிற மஃறூப் முதலாளி, பேப்பரில் படித்ததை ஒப்பிக்காமல் யாருக்கும் சாமான் கொடுக்க மாட்டார்.

"இதக் கேளு சோலமல. அமெரிக்காக்காரன் மேல ஒரு சின்னச் சந்திரன வுட்டிருக்கான். அதுக்குக் கரண்டு குடுக்க ஒரு பொட்டி. பம்ளிமாஸ் பெருசுதான். சுத்துற சாமான் ஒண்ணும் இல்ல, எண்ணெயும் ஊத்த வேணாம். நடுவுல எந்நேரமும் சூடா இருக்கிற ஒரு உலோகம். அதச் சுத்தி ரெண்டு தினுசுப் பொருள ஜோடி ஜோடியா நிறுத்தியிருக்கான். உள்ள சூடு, வெளிய குளிரு. கரண்டு தானா வருதாம், வருசக்கணக்கா."

"வெளிய எப்புடி மொதலாளி குளிரா இருக்கும்? உள்ள இருக்கிற சூடு கொஞ்சங் கொஞ்சமா வெளிய வந்து, ரெண்டு பக்கமும் ஒண்ணாயிருமே. வித்தியாசம் இல்லேன்னா கரண்டும் இருக்காதே."

மஃறூப் பேப்பரை இன்னொரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு வெளியில தகடு விரிச்சி, சூட்ட ஆகாசத்துல வுடுறானாம். ஒனக்கு எதுக்கு இந்த ரோசனை? டார்ச்சுக்கு பேட்டரி வேணுமா, வேணாமா?"

பேட்டரியை வாங்கிக்கொண்டு ஆறு மைல் நடந்த மனுஷன், வழி முழுக்க அந்தப் பெட்டியையே யோசித்துக்கொண்டு வந்தார். மறுவாரம் ஸ்டோரின் குப்பையைக் கிளறி, பழைய டைனமோப் பலகையில் இருந்து கழித்துப் போட்ட யுரேக்கா என்ற கலப்புலோகக் கம்பிச் சுருள் ஒன்றைத் தேடி எடுத்தார். அதையும் வேலிக்கம்பியையும் துண்டு துண்டாக வெட்டி, மாற்றி மாற்றிப் பித்தளை வைத்து ஒட்டினார். தேயிலைப் பெட்டிப் பலகையில் கரித்துண்டால் படம் போட்ட பிறகுதான் எதையும் செய்வார். முதலில் பன்னிரண்டு ஜோடி. ஒரு முனையை உலை வாயில் வைத்ததும் மீட்டரின் முள் துள்ளி எழுந்தது. கால் மணி நேரத்தில் படுத்துவிட்டது. சூடு கம்பி வழியே நடந்து மறு முனைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கம்பியை நீளமாக்கினார். மறு முனை ஆறியது, ஆனால் அவ்வளவு தூரம் ஓட முடியாமல் கரண்டு களைத்தது. குறைத்தார், மறுபடியும் முனை சுட்டது. ஆறு வாரம் இப்படி மல்லுக்கட்டி, கடைசியில் ஒன்றேகால் சாண் என்று ஒரு அளவில் வந்து நின்றார்.

பன்னிரண்டு ஜோடி காட்டியதை வைத்து, இருபதுக்கு எவ்வளவு, நாற்பதுக்கு எவ்வளவு, அறுபதுக்கு எவ்வளவு என்று பலகையில் ஒரு கோடு இழுத்தார். செய்து பார்க்காமலே வரப்போவதைச் சொல்கிற கோடு. ஸ்டோரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இது எதற்காகும் என்று கேட்டால் அப்போது அவருக்கே தெரியாது.

தெரிய வைத்தது மலை. அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டதும், சோலைமலை குடியிருந்த மேல் லயத்துக்கு நேர் மேலே சரிவில் ஒரு வெடிப்பு கண்டது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருபது ஒற்றையறைக் காம்பரா, இருபது குடும்பம். கைக்குழந்தையோடு சேர்த்து நூற்றுப் பதினோரு உயிர். சோலைமலை வெடிப்பின் இந்தக் கரையில் ஒரு குச்சியும் அந்தக் கரையில் ஒரு குச்சியும் நட்டு, வாரா வாரம் போய் அளந்தார். தை பிறப்பதற்குள் நாலு விரல் விலகியிருந்தது. லயத்து ஆண்கள் எல்லாரும் ஆபீசுக்குப் போய், தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொன்னார்கள். இஞ்சினியர் வந்து பார்ப்பார், புது லயம் கட்டும்போது யோசிக்கலாம் என்றார் துரை. இஞ்சினியரும் வரவில்லை, புது லயமும் வரவில்லை. மழை இறங்கினால் தாய்மார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார்கள்.

அப்போதுதான் சோலைமலையின் பலகைக்கு வேலை வந்தது. அவர் நினைத்தது இதுதான். வெடிப்பின் குறுக்கே ஒரு கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். அந்தக் கம்பியில் எந்நேரமும் சின்னதாய் ஒரு கரண்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கரண்டு லயத்தில் ஒரு காந்தத்தை உயிரோடு வைத்திருக்கும், காந்தம் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்திருக்கும். மண் நகர்ந்து கம்பி அறுந்தால் காந்தம் செத்து இரும்பு விழும். இரும்பு விழுந்தால் கயிற்றில் தொங்குகிற கல் இறங்கி, முளை அடித்த ஒரு மரச் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் ஒரு தண்டவாளத் துண்டில் சுத்தியலால் அடித்துக்கொண்டே போகும். ஓடு என்று அர்த்தம்.

எல்லாம் சரி, ஓயாத கரண்டுக்கு எங்கே போவது? லயத்துக்கு மின்சாரம் கிடையாது. டார்ச் பேட்டரி போட்டுப் பார்த்தார், இரண்டு மணி நேரத்தில் காந்தம் பிடியை விட்டது. ஆள் போய் மாற்றிக்கொண்டே இருக்க முடியாத இடத்தில், வருஷக்கணக்கில் நிற்காத கரண்டு. மேலே சுற்றுகிற பெட்டிக்குக் கொடுத்திருந்த வேலையும் அதேதான். பலகையில் இழுத்த கோட்டைப் பார்த்தார். மலைக்கம்பியின் நீளத்துக்கும் காந்தத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டதில், அறுபத்து நாலு ஜோடி வேண்டும் என்று வந்தது.

லயத்துக் காம்பராவில் பின்சுவரை ஒட்டித்தான் அடுப்பு இருக்கும். சுவருக்கு அந்தப் புறம் கான் ஓடும். மலைத் தண்ணீரை வடிய விடுகிற வாய்க்காலைத்தான் கான் என்பது. சித்திரை வெயிலிலும் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விறைத்துப்போகும். சோலைமலை சுவரை உடைத்து, அறுபத்து நாலு ஜோடியையும் களிமண்ணில் பதித்து அதில் வைத்துப் பூசினார். சூட்டு முனைகள் அடுப்புக்குள், குளிர் முனைகள் தாரில் முக்கி எடுத்துக் கானுக்குள். ஒரு தடவை பூசினால் பூசியதுதான், பெயர்த்து இன்னொரு வீட்டில் வைக்க முடியாது.

"மேல ஆகாசத்துல தண்ணி இல்ல, அதனால அவன் தகடு விரிச்சான். நமக்குக் கான் ஓடுது, தகடு எதுக்கு?" என்று மனைவிக்கு விளக்கினார்.

மனைவி பெயர் சண்முகவடிவு. வீட்டில் வடிவு. மலையில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் பலகையில் கிறுக்குவதை அவள் கேலி செய்ததும் இல்லை, மெச்சியதும் இல்லை. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, மேல அந்த அடுப்புக்கு வெறகு வைக்கிறது யாரு?"

"அதுக்கு வெறகு வேணாம். அந்த உலோகம் தானாவே சுட்டுக்கிட்டு இருக்கும்."

"இங்க?"

சோலைமலையின் கணக்கில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. வடிவு அடுப்பைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அந்தச் சரியின் கனம் யாருக்கும் தெரியாது. இரவும் பகலும் அடுப்பு அணையக்கூடாது. தேயிலைக் கட்டையைப் பெரிசாகப் பார்த்துச் செருகி, தணலைச் சாம்பலால் மூடி, விடியற்காலை பெரட்டுக்குப் போவாள். ஆள் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது முடிந்ததும் மலைக்குப் போவாள். பகல் சாப்பாட்டுக்கு மற்றப் பெண்கள் உட்கார்ந்து வருகிற தூரத்தை அவள் ஓடி வருவாள், முதலில் கட்டையைத் தள்ளிவிட்டுத்தான் சோற்றுச் சட்டியைத் தொடுவாள். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பாள். சோலைமலையும் முறை வைத்து எழுந்தார், ஆனால் பாதி நாள் ஸ்டோரில் ராவேலை. ஜன்னல் இல்லாத காம்பராவில் புகை நின்று சுவரெல்லாம் கறுத்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வலப்பனையில் கட்டிக் கொடுத்த மகள் நாகலெட்சுமி வீட்டுக்குப் போகிற பழக்கத்தை வடிவு நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் தண்டவாள மணிக்கு ஒரு சட்டமும் சோலைமலை போட்டார். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க ஒரே ஒரு கல்படிதான், ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். "மணி அடிச்சா ஏன் எதுக்குன்னு பாக்கக் கூடாது. கையில ஒண்ணும் எடுக்கக் கூடாது. புள்ளைங்க மொதல்ல, பொம்பளைங்க அடுத்து, ஆம்பளைங்க கடைசி. படியில ஒருத்தரும் சாமானோட நிக்கக் கூடாது." வீடு வீடாகப் போய் இதைச் சொன்னார். அவர் சட்டம் போடுகிற மனுஷன் அல்ல, அதனாலேயே கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு தடவை மணி வீணாக அடித்தது. ஒரு தடவை ஆடு கம்பியை அறுத்தது, அதற்கப்புறம் கம்பியைத் தடி நட்டு உயர்த்தினார். இன்னொரு தடவை வடிவு அசந்து தூங்கி அடுப்பு அணைந்துபோனது. நெருப்பு செத்தாலும் கரண்டு செத்துவிடுமே. கொட்டுகிற மழையில் நூற்றுப் பதினோரு பேரும் ரோட்டில் நின்று நனைந்து திரும்பினார்கள். வடிவின் தம்பி கந்தப்பன், அதே லயத்தில் கடைசிக் காம்பரா, அக்காளைக் கன்னாபின்னாவென்று ஏசினான். வடிவு போய் அடுப்பை மறுபடி மூட்டினாள். அன்றிலிருந்து அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை.

பதினாலு மாசம் போயிற்று. அறுபத்து மூன்று ஆடியில் மழை பிடித்தது, நாலு நாள் விடவில்லை. வடிவுக்கு ஏற்கெனவே இருந்த இருமல் நெஞ்சில் இறங்கிக் காய்ச்சலானது. தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"நான் போனா அடுப்ப யாரு பாக்குறது? மழை வுடட்டும், போவோம்" என்றாள்.

சோலைமலை அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. மலையில் குச்சிகளின் விலகல் அந்த வாரம் இரட்டித்திருந்தது. நாளைக்குப் போவோம் என்று அவரும் சொன்னார். பின்னாளில் யார் என்ன சமாதானம் சொன்னாலும், அந்த நாளைக்கு என்ற வார்த்தையை அவர் தனக்கு மன்னிக்கவில்லை. மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் வடிவு போய்விட்டாள்.

மகளுக்குச் சொல்ல ஸ்டோரிலிருந்து வலப்பனைக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வந்து முகம் பார்க்காமல் எடுக்க முடியாது, வர சாயந்தரம் ஆகும். லயத்துப் பெண்கள் கூடினார்கள். செத்த வீட்டில் பிணம் எடுக்கிறவரை அடுப்பு எரியக்கூடாது. இது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமல்ல. அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், பக்கத்து வீட்டிலிருந்துதான் சாயத் தண்ணீர் என்கிற பாலில்லாத் தேநீர் வரும். அடுத்த காம்பரா மீனம்மா, வடிவோடு ஒரே தேயிலை நிரையில் பத்து வருஷம் கொழுந்து பறித்தவள், செம்பில் தண்ணீர் மொண்டு அடுப்பிடம் போனாள். சோலைமலை எழுந்து குறுக்கே நின்றார்.

"வேணாம் மீனம்மா."

"அண்ணே, செத்த வீடுண்ணே."

"தெரியுது. மழையப் பாரு. இது அணைஞ்சா மலையில என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது."

மீனம்மா செம்போடு நின்றாள். கந்தப்பன் உள்ளே வந்தான். அழுது வீங்கிய முகம்.

"மச்சான், இன்னைக்கு ஒரு நாளைக்காச்சும் அவள சும்மா வுடுங்க."

"சாயந்தரம் எடுத்ததும் நீயே தண்ணி ஊத்து கந்தா. அதுவரைக்கும் எரியட்டும்."

"பதினாலு மாசமா அந்தப் பொகையில உக்கார வச்சே கொன்னுட்டீங்க. இப்ப பொணத்துக்கும் பொக போடுறீங்களா?"

அதில் பாதி உண்மை என்று சோலைமலைக்கே தெரியும். கந்தப்பன் வெளியே போய் மழையில் நின்றான். அடுப்பெரிகிற வீட்டில் ஒப்பாரி வைக்க மாட்டோம் என்று பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மீனம்மா கடைசியாக எழுந்தாள், செம்பை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். தப்பு மேளம் அடிக்க வந்தவர்களும் கூரை ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு குரல் அழ ஆள் இல்லாமல் வடிவு கிடந்தாள்.

சோலைமலை அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். நேரம் பார்த்து எழுந்து கட்டையைத் தள்ளினார், மறுபடி வந்து உட்கார்ந்தார். நூற்றுப் பத்துப் பேருக்காக இவள் ஒருத்தியை அவமானப்படுத்துகிறேனே என்று நெஞ்சு வெந்தது. செம்பு வாசலிலேயே இருந்தது. ஒரு தடவை அதைக் கையில் எடுத்தார். ஊற்றிவிட்டால் எல்லாரும் உள்ளே வருவார்கள், அவளுக்கு அழுகை கிடைக்கும். காந்தத்தையும் அது பிடித்திருந்த இரும்பையும் பார்த்தார். செம்பைத் திரும்ப வைத்துவிட்டார்.

பகல் மூன்று மணி இருக்கும். பாடை கட்டி, ஒப்பாரி இல்லாமலே வடிவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மகளுக்காகக் காத்திருந்தார்கள். மணி அடித்தது.

ஒருவரும் அசையவில்லை. கடைசியில் மச்சானுக்குப் புத்தி வந்து அடுப்பை அணைத்துவிட்டார் என்றுதான் கந்தப்பன் நினைத்தான். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். கந்தப்பன் வேகமாக உள்ளே போனான். சோலைமலை எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெரிய கட்டை, பிடித்து எரிகிற தீ. மணி நிற்காமல் அடித்தது.

கந்தப்பன் வாசலுக்கு ஓடி வந்து கத்தினான். "நெருப்பு எரியுது. நெருப்பு நல்லா எரியுது. மலைதான், எறங்குங்க."

பிள்ளைகள் முதலில், பெண்கள் அடுத்து. சொன்னபடி கையில் ஒன்றும் எடுக்காமல் படி இறங்கினார்கள். மேலே எங்கோ மரம் முறிகிற சத்தம் கேட்டது. கந்தப்பனும் இன்னும் மூன்று பேரும் பாடையைத் தோளில் தூக்கிவிட்டார்கள், சோலைமலை முன்னால் நடந்தார். படித் தலைப்புக்கு வந்ததும் நின்றார். கீழே படி முழுக்க ஆள். பின்னால் இன்னும் பதினைந்து இருபது பேர், இடுப்பில் குழந்தையோடு நிறைமாதக்காரி ஒருத்தி. பாடை ஒன்றரை ஆள் அகலம். படியில் இறக்கினால் அது திரும்பாமல் நிற்கும், பின்னால் வருகிறவர்கள் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும்.

"வச்சிருங்க" என்றார் சோலைமலை.

"மச்சான்."

"வச்சிரு கந்தா. உசிரோட இருக்கிறவங்க எறங்கட்டும்."

பாடையைப் படி ஓரத்துப் புல்லில் வைத்தார்கள். மற்றவர்கள் அதைத் தாண்டி இறங்கினார்கள். இறங்கிய ஒவ்வொருத்தியும் போகிற போக்கில் குனிந்து வடிவின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். எல்லாரும் இறங்கிய பிறகு நாலு பேரும் திரும்ப ஏறப் பார்த்தார்கள். அதற்குள் மலை வந்துவிட்டது. சோலைமலையைக் கந்தப்பன்தான் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டான். மண்ணும் பாறையும் தேயிலைச் செடியும் ஒன்றாக வந்து, இருபது காம்பராவையும் படியின் மேல்பாதியையும் ஓரத்தில் இருந்த பாடையையும் மூடிக்கொண்டு போயின. கண் மூடித் திறப்பதற்குள் அங்கே லயம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம் இல்லை. ரோட்டில் லயத்துத் தலைகளை எண்ணினார்கள். நூற்றுப் பத்து. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அந்தச் சாயந்தரம் எல்லாரையும் ஸ்டோரின் மேல்மாடியில் ஏற்றினார்கள். கொழுந்து பரப்புகிற சாக்குத் தட்டுகளில் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். எல்லாருக்கும் உடுத்திய துணி நனைந்து ஒட்டியிருந்தது. இருட்டுகிற நேரத்தில் வந்து சேர்ந்த நாகலெட்சுமி, அம்மா எங்கே என்று கேட்டாள். சோலைமலை மகளைப் பிடித்துக்கொண்டு மண்சரிவு இருந்த பக்கத்தைக் காட்டினார்.

மறுநாள் ஆண்கள் மண்வெட்டியோடு போனார்கள். தோண்டத் தோண்ட மேலேயிருந்து மண் இறங்கியது. இரண்டாம் நாள் பொலிஸ்காரர்கள் வந்து கிட்டப் போகக் கூடாது என்று கயிறு கட்டினார்கள். கந்தப்பன் மட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்க் கையால் பறித்துக்கொண்டிருந்தான். சோலைமலை போய் அவனைக் கூட்டிவந்தார். வழி முழுக்கக் கந்தப்பன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான்.

ஸ்டோருக்கு வந்த பிறகுதான் சோலைமலை ஒன்றைக் கவனித்தார். மஃறூப் முதலாளி லொறியில் பாண் ரொட்டியும் சீனியும் அனுப்பியிருந்தார். பிள்ளைகள் பாணைப் பச்சைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தன. முதல் நாள் ராத்திரியும் பாண்தான், அன்று காலையும் பாண்தான். கீழே டிரையர் உலை சும்மா கிடந்தது, விறகு மலையாய்க் குவிந்திருந்தது. அரிசியும் டின்பாலும் ஆபீசிலிருந்து வந்து மூட்டை அவிழ்க்காமல் கிடந்தன. உலையில் கஞ்சி காய்ச்சித் தரட்டுமா என்று டீமேக்கர் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனாராம். தேயிலை ஸ்டோருக்குள் நூறு பேர் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒரு வாய் சாயத் தண்ணீர் குடிக்காமல் இரண்டு நாளாக இருந்திருக்கிறார்கள்.

மீனம்மாவிடம் போனார்.

"என்ன மீனம்மா இது? புள்ளைங்க வெறச்சிப் போயி கெடக்குதுங்க. தீய மூட்டுங்க. கஞ்சி வையுங்க."

மீனம்மா தட்டில் படுத்திருந்த குழந்தைக்குத் துணியை இழுத்துப் போர்த்தினாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னும் எடுக்கலையேண்ணே. எப்புடி மூட்டுறது?"

"எங்க வீட்டுச் சாவுக்கு நீங்க எல்லாம் எதுக்கும்மா பட்டினி கெடக்குறீங்க?"

"எது ஒங்க வீடு?" என்றாள் மீனம்மா. "இருவது வீட்டுச் சாவுண்ணே இது."

மாடி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூலையிலிருந்து யாரோ ஒருத்தி மெல்ல ஒப்பாரியைத் தொடங்கினாள், இன்னொருத்தி சேர்ந்தாள், நாகலெட்சுமி சேர்ந்தாள். சோலைமலை தட்டைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். வடிவு போனதிலிருந்து அவர் அழவில்லை. அப்போது அழுதார். வெகுநேரம் அழுதார், யாரும் அவரைத் தேற்றவில்லை, கூடவே அழுதார்கள்.

அன்றைக்கும் யாரும் தீ மூட்டவில்லை.